வாய்க்காலும் வடிகாலும்: இரட்டை டர்போவுக்கு ஆயில் போகும் வழி

விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். இரட்டைப் புலவர்கள் அந்த ஊர் அபிராமேசுவரர் மீது கலம்பகம் பாடியபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கோயில் ஆற்றின் மேற்கரையில் இருப்பதாகப் பாட்டில் வந்துவிட்டது. கோயிலோ அன்று கீழ்க்கரையில். அரங்கேற்றத்தில் கேட்டவர்கள் விடுவார்களா, பொருட்குற்றம் என்றார்கள். இரவோடு இரவாக வெள்ளம் வந்து பம்பை தடம் மாறி ஓட, விடிந்து பார்த்தால் கோயில் மேற்கரைக்கு வந்திருந்ததாம்.

புலவர் வாக்குக்கு ஆறே வழிமாறியது. மெக்கானிக் வாக்குக்கு அரை லிட்டர் ஆயில்கூட வழிமாறாது. டர்போ இல்லாமல் பிறந்த ஒரு எஞ்சினில் இரண்டு டர்போவை மாட்டி, அவற்றுக்கு ஆயிலைக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப எஞ்சினுக்கே கொண்டுவந்து சேர்ப்பது தனி வேலை. டர்போ, இன்டர்கூலர், பளபளக்கும் குழாய்கள் எல்லாம் படம் பிடிக்க நன்றாக இருக்கும். விரல் தடிமன்கூட இல்லாத ஆயில் குழாயை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் புதிதாக மாட்டிய டர்போ முதல் வாரத்திலேயே போனால், முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குழாயைத்தான்.

இரட்டைப் புலவர்களை இன்னும் கொஞ்சம் கூட வைத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கண் தெரியாது, இன்னொருவரால் நடக்க முடியாது. நடக்க முடியாதவரைத் தோளில் சுமந்துகொண்டு பார்வையில்லாதவர் ஊர் ஊராக நடந்தார். டர்போவுக்குள் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உறவும் இதுதான். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், எரிபொருள் கூடினால் திறன் கூடும். வீணாகப் போகும் புகையின் முதுகில் ஏறிச் சவாரி செய்கிற இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி.

விழுப்புரத்துக்காரர்களுக்கு டர்போ அந்நியம் இல்லை. அறுபதுகளில் சென்னையிலிருந்து வந்த மீட்டர் கேஜ் மின்பாதை விழுப்புரத்தோடு நின்றுவிட்டது. பிற்காலத்தில் அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சினை மாட்டித்தான் ரயில்கள் தெற்கே போயின. அந்த ஆறு சிலிண்டர் ஆல்கோ எஞ்சினின் விசில் கலந்த உறுமலை நினைவிருக்கிறதா? அந்த விசில் டர்போவுடையது. இன்று கரும்பு லோடு லாரி, அரசுப் பேருந்து, நெல் அறுவடை இயந்திரம், ஜே.சி.பி. என்று சாலையில் போகும் டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டர்போ இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே டர்போ தயாராகிறது. 1982இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனத்துக்குப் புலிவலத்திலும் பையனூரிலும் ஆலைகள் உண்டு.

ஒன்று போதாதா, இரண்டு எதற்கு? பெரிய டர்போ நிறையக் காற்று தரும். ஆனால் சக்கரம் கனமாக இருப்பதால் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று வண்டி பாயும். இரண்டு சிறிய டர்போ வைத்தால் இந்தத் தயக்கம் குறையும். 'வி' வடிவ எஞ்சினில் இருபக்கமும் தனித்தனியாகப் புகை வருவதால் பக்கத்துக்கு ஒன்று என்று வைப்பது இயல்பாகவே பொருந்தும். 1981இல் வந்த மசராட்டி பைடர்போ, விற்பனைக்கு வந்த கார்களில் இரட்டை டர்போ பூட்டிய முதல் கார். 1986இல் வந்த போர்ஷே 959 வேறு வழியில் போனது: குறைந்த வேகத்தில் ஒரு டர்போ, வேகம் கூடியதும் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இன்னொரு செய்தி: செங்கல்பட்டு அருகே 2007இலிருந்து பி.எம்.டபிள்யூ. கார்களைப் பூட்டுகிறார்கள். அந்த நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்களில் 'ட்வின்பவர் டர்போ' என்று எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே இரண்டு டர்போ இருப்பதாக நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். பெரும்பாலும் ஒன்றுதான், புகை நுழையும் வழிதான் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

இனி ஆயிலுக்கு வருவோம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுற்றும். விநாடிக்கு 2,500. டர்பைன் பக்கம் டீசலில் 700 டிகிரி, பெட்ரோலில் 900 டிகிரிக்கு மேல்கூடப் போகும். இந்த வேகத்தில், இந்தச் சூட்டில் உலோகம் உலோகத்தைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால் தொடவிடுவதில்லை. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே, பேரிங்குக்கும் அது உட்காரும் கூட்டுக்கும் நடுவே தலைமயிரைவிட மெல்லிய ஆயில் படலம் ஓடுகிறது. தண்டு அந்தப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அதே ஆயில்தான் சூட்டையும் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. மசகு, குளிர்ச்சி இரண்டு வேலையும் அதற்கு. சில விநாடி ஆயில் வராவிட்டாலே போதும், தண்டில் நீலம் பூத்துவிடும். அதன் பிறகு அந்த டர்போ பழைய இரும்புக் கடைக்குத்தான்.

இந்த ஆயிலை எங்கிருந்து எடுப்பது? எஞ்சினில் ஆயில் ஃபில்டரைத் தாண்டிய பிறகு வரும் முதன்மை வழியிலிருந்து. ஃபில்டருக்கு முன்னால் எடுத்தால் எஞ்சினின் பொடி அத்தனையும் மெல்லிய படலத்துக்குள் போய் உப்புத்தாள் வேலை செய்யும். ஆயில் பிரஷர் சுவிட்சு பொருத்தியிருக்கும் துளைதான் பலரும் தேர்ந்தெடுக்கும் இடம். சுவிட்சைக் கழற்றி, அங்கே ஒரு 'டீ' போட்டு, ஒரு வாயில் சுவிட்சையும் மறுவாயில் டர்போ குழாயையும் மாட்டிவிடலாம். துளை எட்டாத இடத்தில் இருந்தால், எஞ்சினுக்கும் ஃபில்டருக்கும் நடுவே ஒரு தட்டு வைத்து அதிலிருந்து எடுக்கலாம். அதில் ஃபில்டரைத் தாண்டிய பக்கம் எது என்று பார்த்து எடுக்க வேண்டும்.

நம் ஊரில் இந்த இடத்தில் ஒரு வம்பு காத்திருக்கிறது. ஜப்பான் எஞ்சின்களில் இந்தத் துளையின் மரை பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு, அங்குலத்துக்கு 28 மரை. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் குழாய் இணைப்புகளும் பிரிட்டிஷ் முறைதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் டர்போ 'கிட்'டிலோ அமெரிக்க மரை, அங்குலத்துக்கு 27. மரையின் கோணமும் வேறு: முன்னது 55 டிகிரி, பின்னது 60. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டு மூன்று சுற்று இனிமையாக இறங்கும், பிறகு இறுகும். 'டைட்டா இருக்கு, நல்லதுதான்' என்று ஸ்பானரை அழுத்தினால் எஞ்சின் பிளாக்கின் வார்ப்பு விரிசல் விடும். கையில் மரை அளவி இல்லாதவர் இந்த வேலையைத் தொடக் கூடாது என்பேன்.

ஒழுகினால் வீட்டுக் குழாய்க்குச் சுற்றுவதுபோல வெள்ளை டேப்பைச் சுற்றுகிறவர்களும் உண்டு. தண்ணீர்க் குழாயில் அந்த டேப்பின் நார் பிய்ந்து போனால் பக்கெட்டில் விழும். இங்கே பிய்ந்தால் டர்போவின் வாயில் போய் அடைக்கும். சிலிகான் பசையும் அப்படியே. செப்பு வாஷர் வைத்த பான்ஜோ போல்ட்டோ, கூம்பு முகம் கூம்பு முகத்தோடு உட்காரும் இணைப்போதான் சரி. பந்தய வண்டிக்காரர்கள் 'ஏ.என்.' என்று எண் சொல்லி வாங்கும் இணைப்புகள் இரண்டாவது வகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் விமானங்களுக்காக வகுத்த அளவு அது. எண், அங்குலத்தின் பதினாறில் எத்தனை பங்கு என்பதைச் சொல்கிறது. 4 என்றால் கால் அங்குலக் குழாய். கூம்பின் கோணம் 37 டிகிரி.

குழாய் எதில் செய்வது? செம்புக் குழாய் வளைக்க எளிது, விலையும் கட்டுப்படியாகும், எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் எஞ்சின் அதிர்வில் செம்பு நாளடைவில் கடினமாகி, முனையில் வெடித்துவிடும். வெடித்த குழாயிலிருந்து பீய்ச்சும் ஆயில் செக்கச்சிவந்த புகைக்குழாய் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஜே.சி.பி.க்கு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரப்பர் ஹோஸ் அழுத்தத்தைத் தாங்கும், டர்போ அருகே இருக்கும் சூட்டைத் தாங்காது. உள்ளே டெஃப்லான் குழாய், வெளியே ஸ்டெயின்லெஸ் கம்பிப் பின்னல், அதற்கும் மேல் வெப்பம் தடுக்கும் உறை: பந்தய வண்டியில் இதுதான் வழக்கம். தொழிற்சாலைகள் இரும்புக் குழாயை வளைத்துத் தாங்கி வைத்து இறுக்குகின்றன. பார்க்க அழகில்லை, ஆயுசு அதிகம்.

அளவு விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டர்போ முக்கியமான உறுப்பு, அதனால் நிறைய ஆயில் போகட்டும் என்று தடித்த குழாயைப் போடுகிறார்கள். எஞ்சினின் ஆயில் பம்ப் அந்த எஞ்சினின் பேரிங்குகளைக் கணக்கிட்டுச் செய்தது. ஒரு டர்போ மாட்டினால் ஒரு கசிவு, இரண்டு மாட்டினால் இரண்டு. வண்டி ஓடும்போது தெரியாது. நன்றாகச் சூடேறி, ஆயில் இளகி, சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது பிரஷர் முள் கீழே தொங்கும். அப்போது பட்டினி கிடப்பது எஞ்சினின் சொந்த பேரிங். விருந்தாளிக்குப் பரிமாறி வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடும் கதை.

அதனால்தான் வழியில் ஒரு சிறு துளையை வைத்து ஓட்டத்தை அளக்கிறார்கள். ரெஸ்ட்ரிக்டர் என்று பெயர். டர்போவில் இரண்டு சாதி உண்டு. ஆயில் படலத்தில் மிதக்கும் சாதாரண பேரிங் வகைக்கு ஆயில் தாராளமாக வேண்டும். பெரும்பாலும் ரெஸ்ட்ரிக்டர் தேவைப்படாது. குண்டு பேரிங் வைத்த வகைக்குக் கொஞ்சம் போதும். ஒரு மில்லிமீட்டர் அளவுத் துளை வைக்கச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஒரு மில்லிமீட்டரை இரண்டாக்கினால் என்ன குறைந்துவிடும் என்று லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு. முதல் வகைக்கு இந்தத் துளையைப் போட்டால் பட்டினி. இரண்டாம் வகைக்குப் போடாமல் விட்டால் வெள்ளம்.

இரண்டு டர்போ என்றால் முதல் டர்போவிலிருந்து வெளியேறும் ஆயிலை இரண்டாவதுக்கு அனுப்பிக் குழாயை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். முடியாது. முதல் டர்போவைத் தாண்டிய ஆயிலுக்கு அழுத்தமே மிச்சம் இல்லை, சூடும் ஏறிவிட்டது. மேல்வயலின் வடிகாலைக் கீழ்வயலுக்கு வாய்க்காலாக்குவது நெல்லுக்குச் சரிப்படும், டர்போவுக்குச் சரிப்படாது. ஒரு தடித்த குழாயாக எடுத்து, நடுவில் கவையாகப் பிரித்து, குண்டு பேரிங் வகையானால் ஒவ்வொரு கிளையின் கடைசியிலும், டர்போவின் வாயிலேயே, தனித்தனி ரெஸ்ட்ரிக்டர் வைப்பது முறை. துளை இரண்டும் ஒரே அளவாக இருந்தால், இடப்பக்கக் குழாய் ஒரு முழம் நீளமாகவும் வலப்பக்கம் சாண் நீளமாகவும் இருந்தாலும் பங்கு ஏறக்குறைய சமமாகவே போகும். தடை பெரும்பாலும் அந்தத் துளையில்தான் இருக்கிறது, குழாயில் இல்லை.

இதுவரை சொன்னது வாய்க்கால். பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதியில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள்.

டர்போவுக்குள் ஆயில் பம்பின் அழுத்தத்தோடு நுழைகிறது. வெளியே வரும்போது அதைத் தள்ள யாரும் இல்லை. தன் எடையால் தானாக வழிந்து, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவும் போன ஆயிலாக வருவதில்லை. ஒன்றரை லட்சம் சுற்றில் அடிபட்டு, கசியும் வாயுவும் கலந்து, மோர் கடைந்த நுரைபோல வருகிறது. நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் உள்ளே போகும் குழாயின் உள்வாய் 4 மில்லிமீட்டர் என்றால், வெளியே வருவது 16 மில்லிமீட்டராவது இருக்கும். பரப்பில் பதினாறு மடங்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் மாவட்டம் நின்ற நிலையைப் பார்த்தவர்களுக்கு, வந்த நீருக்கு வழியிருந்து போகும் நீருக்கு வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். டர்போவின் வயிற்றிலும் அதேதான் நடக்கிறது.

அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. டர்போ தண்டில் ஆயிலைத் தடுக்க ரப்பர் சீல் இல்லை; அந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது. பிஸ்டன் வளையம் போன்ற ஒரு சிறு இரும்பு வளையம்தான் இருக்கிறது. அது முக்கியமாக வாயு உள்ளே வராமல் தடுக்கிறது. ஆயில் வெளியே போகாமல் இருப்பதற்குக் காரணம், உள்ளே ஆயில் தேங்காமல் உடனே வடிந்துவிடுவதுதான். வடிகால் அடைபட்டு ஆயில் தண்டின் உயரத்துக்கு ஏறினால், வளையத்தைத் தாண்டி டர்பைன் பக்கம் வழியும், எரியும், நீலப் புகையாக வெளியே வரும். பார்த்தவுடன் 'டர்போ சீல் போச்சு' என்பார்கள். சீல் போகவில்லை; வழி போச்சு.

எனக்குத் தெரிந்த ஒருவரின் பந்தயக் காரில் இப்படித்தான் ஆனது. இரண்டு டர்போவில் வலப்பக்கத்தது மட்டும் நீலமாகப் புகைத்தது. டர்போவை மாற்றினார்கள், புதியதும் புகைத்தது. அதையும் மாற்றினார்கள். மூன்றாவது முறை யாரோ குனிந்து பார்த்தபோது, வடிகால் ஹோஸ் ஒரு இரும்புப் பட்டையைச் சுற்றிக் கொஞ்சம் தொங்கி, மறுபடி மேலேறி சம்ப்புக்குள் போவது தெரிந்தது. ஊஞ்சல்போல அந்தத் தொங்கலில் எப்போதும் ஆயில் தேங்கி நின்றிருக்கிறது. நான்கு விரற்கடை ஹோஸை வெட்டி நேராக்கினார்கள். புகை நின்றது.

வடிகாலுக்கு மேடு கூடாது, தொங்கல் கூடாது, டர்போவிலிருந்து சம்ப் வரை ஒரே இறக்கம். டர்போவின் வடிகால் வாய் நேர்கீழாக இருப்பது உத்தமம். அதிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் தரும் எல்லை. சாய்ந்திருந்தால், பேரிங் இருக்கும் நடுவுடலின் போல்ட்டுகளைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சம்ப்பில் நுழையும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே பற்றவைத்தால் வடிகாலின் வாயை நாமே மூடியதாகும். இரண்டு வடிகாலையும் ஒரே சின்னக் குழாயில் சேர்ப்பதும் வேண்டாம், இடமும் வலமும் தனித்தனியே இறங்கட்டும். டர்போ சம்ப்பைவிடத் தாழ்வாக உட்காரும்படி ஆகிவிட்டால் இயற்கை உதவாது. ஆயிலை உறிஞ்சி மேலேற்றத் தனியாக ஒரு பம்ப் வைத்தே ஆக வேண்டும். பழைய எஞ்சினில் பிஸ்டன் வளையம் தேய்ந்து, எரிவாயு சம்ப்புக்குள் கசிந்து அழுத்தம் ஏறியிருந்தாலும் வடிகால் பின்னுக்குத் தள்ளப்படும். எஞ்சினின் மூச்சுக்குழாயைச் சரி பார்க்காமல் டர்போவைக் குறை சொல்வது வீண்.

விக்கிரவாண்டிப் பக்கம் சாப்பாட்டுக் கடைகளில் நிற்கும் நெடுந்தூரப் பேருந்துகளில், டிரைவர் உடனே எஞ்சினை அணைக்காமல் சிறிது நேரம் ஓடவிடுவதைப் பார்த்திருக்கலாம். டீசலை வீணாக்குகிறார் என்று நினைக்க வேண்டாம். சூட்டோடு அணைத்தால் ஆயில் பம்ப் நின்றுவிடும். டர்பைனின் சூடு மெல்ல நடுவுடலுக்குள் ஏறும். அங்கே நகராமல் நிற்கும் ஆயில் கரியாகி, பேரிங்கிலும் குழாயின் உள்வாயிலும் ஒட்டும். முதல் தலைமுறை மசராட்டி பைடர்போக்களை வாட்டிய நோய்களில் இதுவும் ஒன்று. பிறகு வந்த கார்களில் டர்போவின் நடுவுடலைச் சுற்றித் தண்ணீரும் ஓடவிட்டார்கள். பம்ப் நின்றபிறகும், சூடேறிய தண்ணீர் தானாக மேலெழுந்து, குளிர்ந்தது கீழிறங்கிச் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். டர்போவில் தண்ணீர் வாய் இருந்தால் அதை அடைத்துவிட்டு ஆயிலை மட்டும் நம்புவது சோம்பேறித்தனம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த வேலை நம் நாட்டில் செல்லாது. தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடத்தில் ஓட்ட மட்டும் கட்டுங்கள்.

கட்டி முடித்த பிறகும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டர்போக்களின் ஆயில் வாயில் சுத்தமான எஞ்சின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, பிறகு குழாயை மாட்டுங்கள். இரண்டு வடிகால் ஹோஸையும் சம்ப்பிலிருந்து கழற்றி ஆளுக்கொரு பாட்டிலில் விடுங்கள். டீசல் சப்ளையையோ இக்னிஷனையோ துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டு இயக்குங்கள். இரண்டு பாட்டிலிலும் ஆயில் விழுகிறதா, ஏறக்குறைய சமமாக விழுகிறதா என்று பாருங்கள். ஒன்று நிறைந்து மற்றது காலியாக இருந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள். காலிப் பாட்டில் பக்கத்துக் குழாயைக் கழற்றுங்கள்.